அடுத்தவர் கார்டில் ஏறும் கடன்

ஒருவரின் கிரெடிட் கார்டு பாக்கியை இன்னொருவரின் கார்டுக்கு மாற்றுவதற்கு வங்கிகளின் வழக்கமான நடைமுறையில் இடம் கிடையாது. ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ என்று வங்கிகள் தருவது, ஒரு கார்டில் இருக்கும் பாக்கியை அதே ஆளின் வேறொரு வங்கிக் கார்டுக்குக் கொண்டுபோகும் வசதிதான். பெயர் மாறினால் விண்ணப்பம் ஏற்கப்படாது. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் கடன் ஆள் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கார்டு கிடைப்பவர் ஒருவர், பணம் தேவைப்படுபவர் வேறொருவர் என்ற நிலை அங்கே நிரந்தரமானது. வங்கிக்குத் தெரியாமல், இரண்டு பேரின் வாய்ப்பேச்சில் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கார்டைவிட வயது அதிகம். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே இந்த ஊர்களில் கடன் பெயர் விட்டுப் பெயர் தாவியது. அதைத் தடுக்கவும், தாவியபோது கடனாளியைக் காக்கவும் சட்டங்கள் வந்தன.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தப் பகுதி ஏரிப் பாசனத்தை நம்பியது. மழை தப்பினால் ஏரி நிறையாது. ஏரி நிறையாவிட்டால் விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன்தான். அந்தக் கடன் பெரும்பாலும் புரோநோட்டில் இருந்தது. ஒரு தாள், கேட்கும்போது இன்ன வட்டியுடன் திருப்பித் தருவதாக ஒரு வாசகம், ஓரத்தில் ரெவின்யூ ஸ்டாம்பு, ஸ்டாம்பின் மேலேயே ஏறும்படி போட்ட கையெழுத்து அல்லது கைநாட்டு: இவ்வளவுதான் நோட்டு. வட்டியோ அசலோ கொஞ்சம் கட்டினால் தாளின் பின்பக்கம் தேதி போட்டு வரவு வைப்பார்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்தத் தாளுக்கு வழக்குமன்றத்தில் வலுக் கொடுத்தது. கடன் கொடுத்தவர் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு நோட்டை வேறொருவருக்கு மேடோவர் செய்யலாம். வாங்கியவர் நேரே கடனாளி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கலாம். கடனாளியின் சம்மதம் தேவையில்லை.

கடனாளிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. தன் கடனை இன்னொருவர் தலையில் தானாக எழுதிவிட்டு அவர் போக முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 62ஆம் பிரிவில் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதிய ஒப்பந்தத்தை வைக்க இடம் தருகிறது; அதற்குக் கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமையைக் கைமாற்றலாம், பொறுப்பை மற்றவரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்பதை 1962இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கிராமத்தில் இதைச் சமாளித்தது ஜாமீன். நிலமும் பேரும் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட, நிலமில்லாதவருக்குப் பணம் கிடைத்தது. சில நேரம் நிலமுள்ளவரே நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கிய பணத்தை அப்படியே மற்றவரிடம் தருவார். நோட்டில் ஒரு பெயர் இருந்தது, வட்டியைக் கட்டியது வேறொரு கை.

நோட்டுக்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. அதற்குள் வழக்குப் போட வேண்டும், இல்லையேல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளில்தான் கடனாளிக்குப் பெரிய இழப்பு நேர்ந்தது. நூறு ரூபாய் வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வட்டி சேர்ந்து பாக்கி நூற்றைம்பது ஆகியிருந்தால், புதிய நோட்டில் நூற்றைம்பதும் அசலாகவே எழுதப்பட்டது. அடுத்த வட்டி அந்த நூற்றைம்பதுக்கு ஓடத் தொடங்கியது. அப்பாவின் நோட்டு மகன் பெயரில் புதிதாக எழுதப்பட்டபோது பழைய வட்டி எது, உண்மையில் கைக்கு வந்த பணம் எது என்ற தடமே அழிந்தது.

ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. விவசாயிகளின் பழைய கடன்களில் சேர்ந்திருந்த வட்டியை அது வெட்டிக் குறைத்தது. 1948இல் எட்டாம் பிரிவோடு சேர்த்த விளக்கம் இன்னும் கூர்மையானது. கடன் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும், புதிய ஆவணத்தை அதே கடனாளி எழுதினாலும் அவர் வாரிசோ அவர் சார்பில் வேறொருவரோ எழுதினாலும், முதன்முதலில் கையில் கொடுத்த தொகையும் பிறகு அசலாகக் கொடுத்ததும் மட்டுமே அசல் என்றது. கடன் எந்தப் பெயருக்குப் போயிருந்தாலும் பின்தொடர்ந்து சென்று அதன் முதல் அளவைத் தேடிப் பிடிக்கச் சொன்ன சட்டம் அது. பின்னால் கார்டின் காலத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு இல்லாமல் போனதன் கனத்தை இதோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும்.

நகைக் கடனிலும் பெயர் மாறியது. அடகுக்கடைகளை ஒழுங்குபடுத்த 1943இல் தனிச் சட்டம் வந்தது. அவசரத்துக்கு அக்கா தன் வளையலைத் தம்பியிடம் கொடுப்பாள். ரசீது தம்பி பெயரில் இருக்கும். ஏலச் சீட்டில் இது இன்னும் ஒழுங்காக நடந்தது. சீட்டு எடுக்காதவர் கட்ட முடியாமல் போனால், நடத்துபவரின் சம்மதத்தோடு அவர் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம். 1961இல் சென்னை மாநிலமும் 1982இல் மத்திய அரசும் இயற்றிய சீட்டு நிதிச் சட்டங்கள் ஆள் மாற்றத்தை எழுத்தில் பதிவதற்கு விதி வகுத்தன. ஆள் மாறும் கடனுக்கு வெளிப்படையான, மூன்று தரப்பும் அறிந்த வழி ஒன்றை வைத்திருந்தது சீட்டுத்தான். கார்டு கொண்டுவந்த எந்த வசதியும் அந்த நேர்மைக்கு ஈடாகவில்லை.

1990களின் பிற்பாதியில் ஊரின் முகம் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2000இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. நெல் விளைந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டை ஆனது. திருவண்ணாமலை, விழுப்புரம், தென்மாவட்டங்கள், பின்னர் ஒடிசா, பீகார் என்று பல இடங்களிலிருந்து இளைஞர்கள் வந்து வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் தங்கினார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வந்து குவிந்தவர்களின் எண்ணிக்கைக்கு அதுவே சான்று.

ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் வங்கியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. பெர்மனென்ட் தொழிலாளிக்குச் சம்பளக் கணக்கு, சம்பள ஸ்லிப், சில ஆண்டுப் பணிப் பதிவு எல்லாம் உண்டு. காண்ட்ராக்ட் ஆள், டிரெய்னி, அப்ரன்டிஸ் ஆகியோரின் பெயர் கம்பெனியின் நிரந்தரப் பட்டியலில் இருக்காது. சம்பளம் இடைத்தரகு நிறுவனம் வழியாக வரும். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த எல்லைக்கு முன்பே ஆளை மாற்றிவிடும் வழக்கம் தொழிற்சங்கங்களின் நீண்டகாலப் புகார். விளைவாக ஒரு அறையில் நான்கு பேர் தங்கினால் அதில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே கார்டு வாய்க்கும். நிலமுள்ளவர் கையெழுத்துக்குக் கிராமத்தில் இருந்த மதிப்பு இங்கே சம்பள ஸ்லிப்புக்கு வந்துசேர்ந்தது.

கார்டு இந்தியாவுக்கு வந்து அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது. டைனர்ஸ் கிளப் 1961இல் வந்தது. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980இல் கார்டு வெளியிட்டது. சிட்டிபாங்க் 1990இலும் எஸ்பிஐ கார்டு 1998இலும் களமிறங்கின. முதலில் அது மேலதிகாரிகளின் பொருள். 2000களில் தனியார் வங்கிகள் கார்டைச் சம்பளக்காரர்களிடம் கொண்டுபோயின. பாக்கியைக் குறைந்த வட்டிக்கு இன்னொரு வங்கிக்கு மாற்றும் திட்டமும் அப்போதுதான் இங்கே பரவியது. அமெரிக்காவில் 1991 வாக்கில் சிக்னெட் வங்கியில் ரிச்சர்டு ஃபேர்பேங்க், நைஜல் மாரிஸ் இருவரும் அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்கள். கேபிடல் ஒன் அங்கிருந்து பிறந்தது. போட்டி வங்கியின் வாடிக்கையாளரைப் பிடிக்கும் வலை அந்தத் திட்டம். இந்தியாவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் கார்டுகளைத் திரும்பப் பெற்றன. 2008 மார்ச்சில் சுமார் 2.75 கோடியாக இருந்த கார்டுகள் 2011 மார்ச்சில் 1.8 கோடி ஆயின. அதன் பின் ஏறிய அலை 2024 பிப்ரவரியில் பத்துக் கோடியைத் தாண்டியது.

பாக்கி ஏன் ஆள் மாறத் துடிக்கிறது என்பதை ஒரு பில்லைப் பிரித்துப் பார்த்தால் புரியும். ஒரு கார்டில் ₹40,000 பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ₹1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ₹252. ஆக, ஒரு மாதம் தள்ளிப்போட விலை ₹1,652. மினிமம் என்று பாக்கியில் 5 சதவீதமான ₹2,000 கட்டினால் கடன் குறைவது ₹348தான். பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. காய்கறி வாங்கிய அன்றே வட்டி ஓடும். லிமிட் தீர்ந்து, அடுத்த வங்கியும் கார்டு தர மறுக்கும் இடத்தில் அறைத்தோழரின் கார்டு ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு கார்டின் பில்லை இன்னொரு கார்டால் நேராகக் கட்ட வங்கிகள் விடுவதில்லை. பணம் வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். எனவே சுற்றுவழிகள். எளிதானது பொருள் வழி: நண்பரின் மளிகை, பெட்ரோல், போன், ஊருக்குப் போகும் டிக்கெட் எல்லாவற்றையும் கார்டுக்காரர் தன் கார்டில் வாங்கித் தருவார், நண்பர் மிச்சப்படும் தன் சம்பளத்தைத் தன் பழைய பில்லில் கட்டுவார். இரண்டு மூன்று மாதத்தில் பாக்கி சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். இரண்டாவது, கார்டின் மேல் தரும் கடனைக் கார்டுக்காரர் தன் வங்கிக் கணக்கில் வாங்கி யுபிஐ வழியே அனுப்புவது. மூன்றாவது, கார்டைத் தேய்த்துக் கொண்டு ரொக்கம் தரும் கடைகள். கமிஷன் 3 சதவீதம் என்றால் ₹40,000 தேய்த்தவர் கைக்கு ₹38,800 வரும். பொருள் விற்காமல் இப்படிப் பணம் தருவது கடைக்காரர் வங்கியோடு போட்ட ஒப்பந்தத்துக்கு விரோதமானது. நான்காவது, 2025 செப்டம்பர் வரை இருந்த வழி: நண்பரை வீட்டு உரிமையாளராகக் காட்டி, செயலிகள் வழியாகக் கார்டில் ‘வாடகை’ அனுப்புவது.

பாக்கி மாறியபின் அதன் உள்ளடக்கம் என்ன ஆகிறது என்பதே முக்கியம். ₹40,000 பாக்கியில் உண்மையில் வாங்கிய பொருள் ₹28,000க்கும், மீதி வட்டி, தாமதக் கட்டணம், வரி என்றும் இருக்கலாம். நண்பர் கார்டில் அது ஏறும்போது முழு ₹40,000மும், மேலே கமிஷனும், புதிய அசல். பழைய நோட்டைப் புதுப்பித்தபோது நடந்ததேதான் இது. அன்று அதை ஊடுருவிப் பார்க்கச் சட்டம் இருந்தது; கார்டுக்கு அப்படி இல்லை. வங்கிகள் விதிக்கும் வட்டி அதிகம் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் கணக்கைத் திறக்கக் கூடாது என்று 1984இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் குற்றமாக்கிய தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டுவரை சிறை விதிக்கிறது. மாதம் மூன்றரை சதவீதம் வாங்கும் கார்டு அதன் வரம்புக்குள் வராது. ஏழைத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய பின்னடைவு.

சட்டத்தின் பார்வையில் இங்கே எந்தக் கடனும் மாறவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, மூன்றாம் ஆள் கட்டியதைக் கடன் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டால் பழைய கடன் தீர்ந்தது. அதன் இடத்தில் இரண்டு கடன்கள் பிறக்கின்றன. ஒன்று கார்டுக்காரர் தன் வங்கிக்குத் தர வேண்டியது. எழுத்தில் உள்ளது, வட்டி ஓடுவது, தவறினால் சிபில் அறிக்கையில் ஏறுவது. மற்றது நண்பர் கார்டுக்காரருக்குத் தர வேண்டியது. வாய்ப்பேச்சில் உள்ளது, மூன்றாண்டில் காலாவதியாவது. ஜாமீன்தாரர் கட்டியதைக் கடனாளியிடம் திரும்பப் பெற அதே சட்டத்தின் 140, 145 ஆகிய பிரிவுகள் தெளிவான உரிமை தருகின்றன. கார்டுக்காரர் ஜாமீன்தாரர்கூட இல்லை. வங்கியின் கணக்கில் அவர்தான் செலவாளி. ஆட்ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தாலும் பொறுப்பு முதன்மைக் கார்டுக்காரருக்கே என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்தவருக்காகத் தேய்த்ததும் இவர் செலவுதான் என்பதால் ஆண்டில் ₹10 லட்சத்துக்கு மேல் பில் கட்டினால் அந்த விவரம் வருமான வரித் துறைக்கும் போகும்.

வங்கி தன் உரிமையை எப்போதும்போல் விற்கலாம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்துக்குப் பின் வாராக்கடனை வாங்கும் நிறுவனங்கள் வந்தன. வங்கிகள் தங்களுக்குள் வாராக்கடனை விற்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் ஏற்றது. ஒரு மேடோவர் நோட்டு எத்தனை கை மாறினாலும் கடனாளி மாறாதது போலத்தான் இதுவும்.

இந்த ஏற்பாடு முழுவதும் அடுத்த மாதச் சம்பளத்தின்மேல் நிற்கிறது. அந்தச் சம்பளம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதை 2014 காட்டியது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இங்குள்ள நோக்கியா ஆலை அதில் சேராமல் நின்றுபோனது. அந்த ஆண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வை ஏற்றார்கள். 2014 நவம்பர் 1இல் ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. நிரந்தரம் என்று வங்கி நம்பிய ஸ்லிப்பே ஒரே ஆண்டில் செல்லாமல் போனது. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஒரு முழு பில் சுற்றைவிட நீளம். நண்பருக்காகக் கார்டு தேய்த்தவருக்குச் சம்பளம் நின்றாலும், நண்பருக்கே வேலை போனாலும், ரெக்கவரி ஏஜென்ட் தேடி வருவது கார்டில் பெயர் உள்ளவரைத்தான். வேலை போன காண்ட்ராக்ட் ஆள் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட முடியும். கார்டுக்காரரின் முகவரி கம்பெனியில், வங்கியில், ஆதாரில் எல்லாம் இருக்கிறது.

சுற்றுவட்டார வீடுகளில் பெண்கள் வாங்கும் மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கும் இதே கதை. ஆந்திராவில் 2010இல் எழுந்த மைக்ரோஃபைனான்ஸ் நெருக்கடிக்குப் பின் மாலேகம் குழுவின் பரிந்துரைப்படி, ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று 2011இல் ரிசர்வ் வங்கி விதித்தது. எல்லையைத் தொட்டவர் குழுவில் உள்ள இன்னொருத்தியின் பெயரில் வாங்கத் தொடங்கினார். 2022இல் அந்த விதி மாறி, குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று வந்தது. ஆளுக்கு எல்லை வைத்தாலும் குடும்பத்துக்கு வைத்தாலும், தேவை தீராதவரை கடன் எல்லைக்கு வெளியே உள்ள பெயரைத் தேடிப் போகிறது.

சுற்றுவழிகளை ரிசர்வ் வங்கி ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. வங்கியல்லாத வாலெட்டுகளில் கடன் வரம்பிலிருந்து பணம் ஏற்றுவது 2022 ஜூனில் தடுக்கப்பட்டது. கார்டு பில் கட்டுவது 2024 ஜூலை முதல் பாரத் பில் பேமென்ட் வழிக்கு மாறியது. 2025 செப்டம்பரில் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு வந்த விதிகளையடுத்துச் செயலிகள் வாடகை வசதியை நிறுத்தின. கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு மாதம் ஒருமுறை போன விவரம் 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகத் தொடங்கியது. லிமிட்டில் எவ்வளவு பயன்பட்டது என்பது விரைவில் தெரிவதால், நண்பருக்காக முழு லிமிட்டையும் தேய்த்தவரின் ஸ்கோர் அதே மாதத்தில் இறங்கலாம்; அவர் தனக்கென வீட்டுக் கடனுக்கோ பைக் கடனுக்கோ போகும்போது அது எதிரில் வந்து நிற்கும். பொருள் வழிக்கு இதுவரை தடை இல்லை. மளிகைக் கடையில் ஒருவர் கார்டைத் தேய்க்கும்போது, பையைத் தூக்கிக்கொண்டு போவது யார் என்று எந்த இயந்திரமும் கேட்பதில்லை. கார்டுக்காரர் திரும்பக் கேட்க நேர்ந்தால் அவர் கையில் இருப்பது வாட்ஸ்அப் செய்திகளும் யுபிஐ வரவுகளும்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, உரிய சான்றிதழோடு அவற்றை நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கலாம். கடன் என்று தெளிவாக ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கு நிற்கும்.